திசுவை வளர்க்கும் மைக்ரோஆர்என்ஏவை எப்போது நிறுத்துவது?

மைக்ரோஆர்என்ஏ சிகிச்சையையும், செல்கள் தங்கி வளர இடம் தரும், உயிரிப்பொருளால் செய்த சாரக்கட்டையும் இணைத்து, விபத்திலோ நோயிலோ இழந்த எலும்பு, இதயத்தசை, குருத்தெலும்பு போன்ற திசுக்களை மீண்டும் வளர்க்க முடியுமா, வளர்ச்சிக் காரணிப் புரதங்களும் ஸ்டெம் செல்களும் ஏற்கெனவே இருக்கும்போது இந்தப் புதிய வழி எதற்கு, மனிதர்களுக்கு இது எவ்வளவு அருகில் வந்திருக்கிறது என்பவை இங்கே எழுப்பப்பட்ட கேள்விகள். சுருக்கமான விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விலங்குகளில் இந்த வழி பல திசுக்களில் பலன் தந்திருக்கிறது. மனிதர்களுக்கோ, எந்த நோய்க்கும் ஒரு மைக்ரோஆர்என்ஏ மருந்துகூட இன்னும் ஒப்புதல் பெறவில்லை. இதற்கான காரணத்தைப் பலர் ‘மருந்தைச் செல்லுக்குள் கொண்டு சேர்ப்பது கடினம்’ என்ற ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிக் காரணம்தான். திசு மீளுருவாக்கத்தைப் பொறுத்தவரை, வளரச் சொல்லி ஆணையிடுவதைவிட, போதும் என்று அந்த ஆணையைத் திரும்பப் பெறுவதே கடினம் என்று நான் கருதுகிறேன். சாரக்கட்டின் மதிப்பும் பெருமளவு அங்கேதான் இருக்கிறது.

மைக்ரோஆர்என்ஏ என்பது ஏறத்தாழ 22 நியூக்ளியோடைடுகள் மட்டுமே நீளமுள்ள ஒரு சிறு ஆர்என்ஏ இழை. சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள புழுவில் லின்-4 என்னும் மரபணுவை ஆராய்ந்தபோது விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகியோரின் குழுக்கள் 1993-இல் இதை வெளிக்கொணர்ந்தன. 2024-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இவ்விருவருக்கும் வழங்கப்பட்டது. நம் கேள்விக்கு அந்தப் பழைய புழு ஆய்விலேயே ஒரு குறிப்பு இருக்கிறது. லின்-4 பழுதான புழுக்களில், முதல் இளம்பருவத்தில் நடந்து முடிந்திருக்க வேண்டிய செல் பிரிவுகள் திரும்பத் திரும்ப நடந்துகொண்டே இருந்தன; அடுத்த கட்டத்துக்குப் போக அந்தச் செல்களுக்குத் தெரியவில்லை. ஆக, முதன்முதலில் கண்டறியப்பட்ட மைக்ரோஆர்என்ஏவின் வேலையே ஒரு வளர்ச்சிக் கட்டத்தை உரிய நேரத்தில் முடித்துவைப்பதுதான்.

செல்லுக்குள் இது வேலை செய்யும் விதம் ஓரளவு தெளிவாகவே தெரியும். மரபணுவிலிருந்து படியெடுக்கப்படும் நீண்ட ஆர்என்ஏவை முதலில் உட்கருவுக்குள் டிரோஷா என்ற நொதியும், பிறகு வெளியே டைசர் என்ற நொதியும் வெட்டிச் சிறு இரட்டை இழையாக ஆக்குகின்றன. அவ்விரண்டில் ஓர் இழையை ஆர்கோநாட் என்னும் புரதம் ஏந்திக்கொள்கிறது. அந்த இழையின் 2 முதல் 8 வரையிலான நியூக்ளியோடைடுகள், அதாவது ‘வித்துப் பகுதி’, எந்தெந்தத் தூது ஆர்என்ஏக்களின் (புரதம் செய்வதற்கான குறிப்பை மரபணுவிலிருந்து சுமந்து வருபவை) வால்பகுதியோடு பொருந்துகிறதோ அவற்றிலிருந்து புரதம் உருவாவது குறைகிறது. பொருந்த வேண்டிய நீளம் இவ்வளவு குறைவாக இருப்பதால், ஒரு மைக்ரோஆர்என்ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொட முடியும். ஒவ்வொன்றையும் அது முழுமையாக நிறுத்துவதில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்த்துகிறது. ஒரே திசையில் இழுக்கும் பல மரபணுக்கள் ஒருசேரத் தாழும்போது, செல்லின் போக்கே மாறிவிடுகிறது. புரத மருந்து ஒன்று ஒரு வாயிலைத் தட்டுவதோடு நிற்க, மைக்ரோஆர்என்ஏ ஒரு வலைப்பின்னல் முழுவதையும் அசைக்கிறது. இதன் கவர்ச்சியும் ஆபத்தும் இந்த ஒரே பண்பிலிருந்து வருகின்றன.

மருந்தாக்கும்போது இரண்டு வழிகள் உண்டு. செல்லில் குறைந்துபோன ஒன்றை ஈடுசெய்ய வேண்டுமானால் அதன் செயற்கை நகலை இரட்டை இழையாகக் கொடுக்கிறோம். மிகுந்துபோன ஒன்றை அடக்க வேண்டுமானால் அதோடு ஒட்டிக்கொண்டு அதைச் செயலிழக்கச் செய்யும் ஒற்றைத் தடுப்பிழையைக் கொடுக்கிறோம். இவ்விரண்டில் தடுப்பிழையே கையாள எளிது: அந்த இழையின் சர்க்கரைப் பகுதியையும் அதைத் தாங்கும் சட்டத்தையும் வேதிமுறையில் பெருமளவு மாற்றினாலும் அதன் வேலை பெரும்பாலும் கெடுவதில்லை. நகலோ ஆர்கோநாட் புரதத்துக்குள் சரியாக அமர வேண்டும் என்பதால், அதைக் காப்பதற்காகச் செய்யும் ஒவ்வொரு மாற்றமும் அதன் செயலைக் குறைக்கக்கூடும். மருத்துவ ஆய்வுகளுக்கு வந்தவற்றில் தடுப்பிழைகள் முந்திக்கொண்டதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இனி, நான் மேலே சொன்ன ‘நிறுத்துவது’ என்ற சிக்கலுக்கு வருகிறேன். இதைப் புரிந்துகொள்ள இதயத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மனித இதயத்தசைச் செல்கள் மிக மெதுவாகவே புதுப்பிக்கப்படுகின்றன. இருபத்தைந்து வயதில்கூட ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதம், முதுமையில் அதிலும் பாதிக்கும் குறைவு. பெரிய மாரடைப்பு ஒன்றில் நூறு கோடி அளவிலான செல்கள் மாண்டுபோகும்போது இந்த வேகத்தில் அந்த இழப்பை ஈடுகட்ட இயலாது. அந்த இடத்தைத் தழும்பு நிரப்புகிறது. தழும்பு கிழியாமல் தாங்கும், ஆனால் சுருங்காது. இத்தாலியின் திரியெஸ்தே நகரில் மௌரோ ஜாக்காவின் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், 875 மனித மைக்ரோஆர்என்ஏக்களை ஒவ்வொன்றாகப் பிறந்த எலிக் குட்டிகளின் இதயத்தசைச் செல்களில் செலுத்தி, எவையெல்லாம் அச்செல்களைப் பிரியத் தூண்டுகின்றன என்று பார்த்தார்கள். அதில் தேறியவற்றுள் மிர்-199ஏ, மிர்-590 ஆகிய இரண்டும் (‘மிர்’ என்பது மைக்ரோஆர்என்ஏவின் சுருக்கம், எண் அதன் அடையாளம்) சுண்டெலிகளில் மாரடைப்புக்குப் பிறகு இதயம் பெருமளவு மீளச் செய்தன. இனிப் பிரியாது என்று கைவிடப்பட்ட செல்லை ஒரு சிறு ஆர்என்ஏ மறுபடி பிரியச் செய்தது என்பது அன்று மிகப் பெரிய செய்தி.

அடுத்த கேள்வி இயல்பானது: மனித இதயத்தின் அளவுக்கு நெருங்கிய பன்றி இதயத்தில் இது நடக்குமா? அதே குழுவினரும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல் வெளியிட்ட முடிவைப் படித்தவர்கள் அதை எளிதில் மறக்க மாட்டார்கள். மாரடைப்பு உண்டாக்கப்பட்ட பன்றிகளின் இதயத்தில், மிர்-199ஏவை உருவாக்கிக்கொண்டே இருக்கும் மரபணுவை ஒரு வைரஸ் கடத்தியின் வழியே செலுத்தினார்கள். ஒரு மாதத்தில் தழும்பு சுருங்கியிருந்தது, தசைத்திரள் கூடியிருந்தது, இதயம் நன்றாகச் சுருங்கி விரிந்தது. அந்த நாளில் ஆய்வை முடித்திருந்தால் அது கலப்பற்ற வெற்றியாகவே பதிவாகியிருக்கும். அவர்கள் தொடர்ந்து பார்த்தார்கள். சிகிச்சை பெற்ற பன்றிகளில் பெரும்பாலானவை பிறகு இதயத்துடிப்பு ஒழுங்கு குலைந்து திடீரென இறந்தன. அவற்றின் இதயத்தசைக்குள், முழுமையாக முதிர்ச்சி அடையாமல் பெருகிக்கொண்டிருந்த செல்களின் கூட்டங்கள் ஊடுருவியிருந்தன. தேர்ந்தெடுத்த மைக்ரோஆர்என்ஏ சரியானதே, அது எதிர்பார்த்த வேலையையும் செய்தது. வைரஸ் கடத்தி கொடுத்த கட்டளைக்கு முடிவு என்பதே இல்லாமல் போனதுதான் கேடாக முடிந்தது.

பிரியும் இதயத்தசைச் செல் தன் சுருங்கும் இழைகளைத் தற்காலிகமாகக் கலைத்துவிட்டுத்தான் பிரிகிறது. பிரிந்த பின் மறுபடி முதிர்ந்து, அண்டைச் செல்களோடு மின்னிணைப்பு கொண்டால்தான் அது இதயத்துக்குப் பயன்படும். ‘பிரி’ என்ற ஆணை நீங்காமல் இருந்தால் அந்த முதிர்ச்சி வருவதே இல்லை. இதே பாடத்தை 2015-இல் மிர்-302 குடும்பத்தைக் கொண்டு சுண்டெலிகளில் செய்த ஆய்வும் சொன்னது: தொடர்ந்து மிகுந்திருந்தபோது இதயம் பழுதடைந்தது, சில நாட்கள் மட்டும் நகலாகக் கொடுத்தபோது பலன் கிடைத்தது.

சாரக்கட்டு இங்கேதான் உள்ளே வருகிறது. கட்டடம் எழுப்புவோர் கட்டும் சாரத்தைப் போலவே திசுச் சாரக்கட்டும் தற்காலிகமானது. செல்கள் ஏறி நின்று தம் வேலையைச் செய்ய இடம் கொடுத்து, அவை தமக்கான அடித்தளத்தை உருவாக்கிக்கொண்டதும் கரைந்து மறைய வேண்டும். அதன் துளைகள் எலும்புக்கானால் 100 மைக்ரோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் 300 மைக்ரோமீட்டர் அளவில் இருப்பது நல்லது; இல்லையேல் இரத்தக் குழாய்கள் உள்ளே வர இடமிராது. இரத்தக் குழாயிலிருந்து 100 முதல் 200 மைக்ரோமீட்டருக்கு அப்பால் ஆக்சிஜன் போதிய அளவு ஊடுருவுவதில்லை என்பதால், குழாய் வராத சாரக்கட்டின் நடுப்பகுதி வெறும் இறந்த செல்களின் கிடங்காகிவிடும். சாரக்கட்டின் விறைப்பும் செல்லிடம் பேசுகிறது: மூளையைப் போல மென்மையான பரப்பில் வைத்த ஸ்டெம் செல் நரம்புச் செல்லின் சாயலையும், 10 கிலோபாஸ்கலை ஒட்டிய பரப்பில் தசையின் சாயலையும், 25 முதல் 40 கிலோபாஸ்கல் வரை விறைப்புள்ள பரப்பில் எலும்புச் செல்லின் சாயலையும் கொள்கிறது என்று 2006-இல் காட்டப்பட்டது. எனவே சாரக்கட்டை வெறும் மருந்துப் பெட்டியாகக் கருதி வடிவமைப்பவர்கள் பாதி வாய்ப்பைத் தவறவிடுகிறார்கள்.

இதைக் கண்ணால் பார்க்காதவர்களுக்காக ஒன்றை விவரிக்கிறேன். கொலாஜன் சாரக்கட்டு செய்ய, கொலாஜன் நார்களை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் அரைத்துக் கூழாக்கி, தட்டில் ஊற்றி, வெப்பநிலையைச் சீராகக் குறைத்து உறைய வைக்கிறோம். உறையும்போது பனிப்படிகங்கள் வளர்ந்து கொலாஜனை ஓரங்களுக்கு ஒதுக்குகின்றன. பிறகு வெற்றிடத்தில் அந்தப் பனி நேராக ஆவியாகிவிட, அது இருந்த இடமெல்லாம் துளைகளாகின்றன. துளையின் அளவு பனிப்படிகத்தின் அளவே என்பதால், எந்த வேகத்தில் குளிர்வித்தோம் என்பதே எலும்புக்கேற்ற துளை கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. முடிவில் கையில் கிடைப்பது ஒரு வெண்ணிற வட்டு. இடுக்கியால் எடுத்தால் எடையே தெரியாது, அழுத்தினால் பஞ்சு போல அமுங்கும். அதன் மேல் மைக்ரோஆர்என்ஏ நானோத்துகள்கள் கலந்த கரைசலைச் சில சொட்டுகள் விட்டால் ஓரத்திலிருந்து உள்நோக்கி அது நனைந்து, வெண்மை மங்கி, ஒளி ஊடுருவும் நிறத்துக்கு வருகிறது. வெளியிலிருந்து பார்க்க இவ்வளவுதான். எல்லாத் துளைகளிலும் மருந்து சமமாகப் படிந்ததா, ஓரத்திலேயே தங்கிவிட்டதா என்பதை ஒளிரும் குறியீடு இட்ட ஆர்என்ஏவை வைத்து நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகப் பார்த்தால்தான் தெரியும். ஓரத்தில் அடர்த்தியாகவும் நடுவில் வெறுமையாகவும் இருக்கும் படங்கள் இத்துறையில் வேலை செய்யும் எல்லோருக்கும் பழக்கமானவை.

வளர்ச்சிக் காரணிகள் இருக்க இது எதற்கு என்ற கேள்விக்கு எலும்பு நல்ல விடை தருகிறது. எலும்புத் தூளில் எலும்பை உருவாக்கும் பொருள் ஒன்று இருக்கிறது என்று மார்ஷல் யூரிஸ்ட் 1965-இல் காட்டினார். அந்த வழியில் வந்த பிஎம்பி-2 புரதம் கொலாஜன் பஞ்சில் ஊற வைக்கப்பட்டு, முதுகெலும்பு இணைப்பு அறுவைக்காக 2002-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அது பலருக்கு உதவியிருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் புரதம் உடலில் விரைவாகச் சிதைவதாலும் பஞ்சிலிருந்து வேகமாகக் கசிந்துவிடுவதாலும், மில்லிலிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற, உடல் இயற்கையாகப் பயன்படுத்துவதைவிடப் பன்மடங்கு அதிகமான செறிவில் அதைக் கொடுக்க வேண்டியிருந்தது. வேண்டாத இடத்தில் எலும்பு வளர்ந்தது. கழுத்துப் பகுதியில் பயன்படுத்தியபோது மூச்சுக்குழாயை நெருக்கும் வீக்கம் ஏற்பட்டதால் 2008-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை வெளியிட்டது. இதிலிருந்து புரதம் தவறு, ஆர்என்ஏ சரி என்று முடிவு கட்டுவது பிழையாகும். வெளியீட்டைக் கட்டுப்படுத்தாத சாரக்கட்டில் எந்த மருந்தை வைத்தாலும் இதே கதை நடக்கும். மைக்ரோஆர்என்ஏ செல்லுக்குள் சென்ற பிறகே வேலை செய்வதால் வெளியே கசிந்தது பெரும்பாலும் வீணாகச் சிதைகிறது என்ற ஒரு சிறு பாதுகாப்பு மட்டும் அதற்கு உண்டு.

எலும்பில் மைக்ரோஆர்என்ஏவின் வேலைக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். முதலாவது மிர்-133ஏ. எலும்புச் செல்லாக மாறுவதற்கான தலைமைக் கட்டுப்பாட்டாளரான ரன்எக்ஸ்2 என்ற புரதத்தை இது அடக்கி வைக்கிறது; ஆகவே மிர்-133ஏவுக்குத் தடுப்பிழை கொடுத்தால் அந்த அடக்குமுறை நீங்கி எலும்பு உருவாகும். டப்ளினில் ஃபெர்கல் ஓ’பிரையனின் குழு கொலாஜனோடு நானோ அளவிலான ஹைட்ராக்ஸிஅபடைட் துகள்களைச் சேர்த்த சாரக்கட்டில் இதைச் செய்து, வெளியிலிருந்து செல் எதையும் சேர்க்காமலேயே எலிகளின் மண்டையோட்டுக் குழியில் எலும்பு வளர்வது விரைவுபட்டதை 2020-இல் காட்டியது. இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு: ஹைட்ராக்ஸிஅபடைட் என்பது எலும்பின் இயற்கைக் கனிமம், அதுவே ஆர்என்ஏவைப் பற்றிக்கொண்டு செல்லுக்குள் கொண்டு செல்லும் வாகனமாகவும் இருக்கிறது. வாகனம் வேலை முடிந்ததும் குப்பையாகக் கிடக்காமல், கட்டப்படும் எலும்பின் ஒரு பகுதியாகவே ஆகிவிடுகிறது.

மிர்-133ஏவைத் தடுக்கும் இதே இழையை இரத்தத்தில் செலுத்தினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். மிர்-133 தசையிலும் இதயத்திலும் மிகுதியாக இருக்கும் ஒன்று. சுண்டெலிகளில் அதை உடல் முழுவதும் தடுத்தபோது இதயத்தசை வீங்கித் தடித்தது என்று 2007-இலேயே தெரிந்துவிட்டது. எலும்பில் தடையாக இருப்பது இதயத்தில் காவலாக இருக்கிறது. எனவே இந்த மருந்தை எலும்புக் குழிக்குள்ளேயே நிறுத்தி வைக்கும் சாரக்கட்டு இல்லாமல் அதைச் சிகிச்சையாக எண்ணிப் பார்ப்பதே கடினம்.

இரண்டாவது எடுத்துக்காட்டு மிர்-26ஏ. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பீட்டர் மாவின் குழு 2016-இல் இதன் நகலை இரண்டு கட்டமாக வெளியிடும் சாரக்கட்டை உருவாக்கியது. ஆர்என்ஏ முதலில் கிளைபரந்த ஒரு பாலிமரோடு சேர்ந்து நானோத்துகளாகிறது. அந்த நானோத்துகள்கள் பிஎல்ஜிஏ என்ற, மெல்லக் கரையும் பாலிமரால் ஆன நுண்கோளங்களுக்குள் அடைக்கப்படுகின்றன. கோளங்கள் நானோநார்களாலான சாரக்கட்டின் சுவரில் ஒட்டப்படுகின்றன. கோளம் கரையும் வேகம் எத்தனை நாளுக்கு மருந்து வெளிவரும் என்பதையும், நானோத்துகள் அது செல்லுக்குள் எவ்வளவு நுழையும் என்பதையும் தனித்தனியே தீர்மானிக்கின்றன. காலத்தை ஒரு கையிலும் நுழைவை மறுகையிலும் பிடித்துக்கொள்ளும் இந்தப் பிரிவினை, நான் மேலே பேசிய சிக்கலுக்கு நேரடியான விடை. சுண்டெலிகளின் மண்டையோட்டில் தானாக ஒருபோதும் மூடாத அளவுள்ள குழி அதில் நிரம்பியது. ஆனால் இதே மிர்-26ஏ, இரத்தக் குழாயின் உட்சுவர்ச் செல்களில் எஸ்மேட்1 புரதத்தைத் தாழ்த்திப் புதுக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கிறது என்று 2013-இல் வேறொரு குழு காட்டியிருக்கிறது. எலும்புப் பழுதுபார்ப்பிலோ அது குழாய் வளர்ச்சிக்கும் துணைபுரிவதாகக் கண்டவர்கள் உண்டு. இவற்றில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டியதில்லை. எந்தச் செல்லில் எந்தத் தூது ஆர்என்ஏக்கள் அந்த நேரத்தில் இருக்கின்றனவோ அவற்றைத்தான் மைக்ரோஆர்என்ஏ தொட முடியும் என்பதால், ஒரே இழைக்கு இடத்துக்கு இடம் பொருள் மாறுகிறது. ‘மிர்-26ஏ எலும்பை வளர்க்கும்’ என்று அகராதிபோல் எழுதப்படும் வாக்கியங்களை நான் நம்புவதில்லை. எந்தச் செல்லில், எந்த நாளில் என்று சேர்த்துச் சொல்லப்படும்போதே அதற்குப் பொருள் வருகிறது.

இதயத்துக்கே திரும்பினால், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2017-இல் செய்யப்பட்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். ஹயலுரானிக் அமிலத்தால் ஆன, ஊசி வழியே செல்லும்போது இளகி உள்ளே போனதும் மறுபடி கூடிக்கொள்ளும் ஒரு ஹைட்ரோஜெல்லில், கொழுப்புப் பொருளான கொலஸ்டிரால் இணைத்த மிர்-302 நகலை வைத்தார்கள். ஜெல்லில் உள்ள சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் குவளை வடிவ மூலக்கூறு அந்தக் கொலஸ்டிராலைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிறது. சுண்டெலி இதயத்தில் ஒரே ஓர் ஊசி. சுமார் இரண்டு வாரம் அந்த இடத்தில் மட்டும் தசைச் செல்கள் பிரிந்தன. நான்கு வாரத்தில் இதயத்தின் இரத்தம் வெளியேற்றும் திறன் ஒப்பீட்டு விலங்குகளைவிடத் தெளிவாக மேம்பட்டிருந்தது. பிறகு ஜெல்லில் மருந்து தீர்ந்துவிடுகிறது. பன்றிகளுக்குக் கிடைக்காமல் போனது இந்தத் தீர்ந்துவிடுதல்தான். ஆனால் சுண்டெலியின் இதயச் சுவர் ஒரு மில்லிமீட்டரை ஒட்டிய தடிப்பு, மனிதருடையது ஒரு சென்டிமீட்டரை ஒட்டியது. ஒரே ஊசியின் பரவல் அங்கே போதாது, பல இடங்களில் போட வேண்டியிருக்கும், ஒவ்வோர் இடமும் மின்துடிப்பு பரவும் பாதையில் ஒரு திட்டாக அமையும். இதைப் பெரிய விலங்குகளில், நீண்ட காலம், துடிப்பை இடைவிடாமல் பதிவுசெய்து பார்க்காமல் மனிதருக்குக் கொண்டுவரக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு.

மற்ற திசுக்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குருத்தெலும்பில் இரத்தக் குழாயே இல்லாததால் இரத்தத்தின் வழி செல்லும் மருந்து அங்கே சேராது. மூட்டுக்குள் வைக்கும் ஜெல்லுக்கு இது இயல்பான களம். மிர்-140 இல்லாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளுக்கு இளமையிலேயே மூட்டுத் தேய்வு வருவதால் அதை ஈடுசெய்யும் முயற்சிகள் நடக்கின்றன. தண்டுவடக் காயத்துக்கு, ஒரே திசையில் அடுக்கிய நுண்நார்களோடு மிர்-219, மிர்-338 ஆகியவற்றைச் சேர்த்து, நரம்பிழையின் மயலின் உறையை மீட்கும் சாரக்கட்டுகளைச் சிங்கப்பூர் ஆய்வாளர்கள் உருவாக்கிவருகிறார்கள். தோலில் கொலாஜன் உற்பத்தியைத் தாழ்த்தும் மிர்-29 தழும்பைக் குறைக்கப் பயன்படலாம். அதன் நகல் மனிதத் தோலில் ஊசியாகச் செலுத்திச் சோதிக்கப்பட்டு, கொலாஜன் மரபணுக்கள் தாழ்ந்ததும் காட்டப்பட்டிருக்கிறது.

செல்லுக்குள் சேர்ப்பது பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆர்என்ஏ எதிர்மின்னூட்டம் கொண்டது, செல்சவ்வும் அப்படியே. அதனால் நேர்மின்னூட்டமுள்ள பாலிமரிலோ கொழுப்பு நானோத்துகளிலோ பொதிந்து அனுப்புகிறோம். செல் அதை ஒரு சவ்வுப்பைக்குள், அதாவது எண்டோசோமுக்குள், விழுங்கிக்கொள்கிறது. பெரும்பாலானவை அங்கிருந்து தப்பாமல் செரிக்கப்பட்டுவிடுகின்றன. இதே அளவுள்ள இன்னொரு வகை ஆர்என்ஏவைக் கொழுப்பு நானோத்துகளில் அனுப்பி 2013-இல் செய்த கணக்கெடுப்பில், தப்பி வந்தது 1 முதல் 2 சதவீதம்தான். பாலிஎத்திலீனிமைன் போன்ற வலுவான பாலிமர்கள் எண்டோசோமை உடைப்பதில் திறமையானவை; ஆனால் அந்தத் திறமையே செல்லையும் கொல்லும். சாரக்கட்டு இங்கே செய்யும் உதவி எளிமையானது: செல் அதன்மேல் நாள்கணக்கில் உட்கார்ந்திருப்பதால், ஒரே நேரத்தில் பெரும் அளவைத் திணிக்காமல் சிறு அளவைப் பலமுறை உண்ணச் செய்ய முடிகிறது. பொருத்தமின்மையும் உண்டு. ஹயலுரானிக் அமிலம், ஆல்ஜினேட் ஆகியவை தாமே எதிர்மின்னூட்டம் கொண்டவை. நேர்மின்னூட்ட நானோத்துகளை அவற்றில் கலந்தால் சில வேளைகளில் கட்டிகட்டியாகத் திரண்டு எதுவும் வெளிவராமல் போகும். சாரக்கட்டையும் கடத்தியையும் வெவ்வேறு கைகளில் தனித்தனியே செய்து கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களுக்கு இதுதான் முதல் தடுமாற்றம்.

அளவு மீறுவதன் ஆபத்துக்கு வேறு சான்றுகளும் உள்ளன. கொண்டை ஊசிபோல் மடிந்த, மரபணுவை அடக்கும் ஒரு வகைச் சிறு ஆர்என்ஏவைச் சுண்டெலியின் கல்லீரலில் அளவுக்கு மீறி உருவாக்கியபோது, செல்லின் சொந்த மைக்ரோஆர்என்ஏக்கள் பயன்படுத்தும் எக்ஸ்போர்ட்டின்-5 என்ற வழி நெரிசலடைந்து விலங்குகள் இறந்தன என்று 2006-இல் பதிவாகியிருக்கிறது. மனிதர்களிலோ, புற்றுநோய்க்காக மிர்-34ஏ நகலைக் கொழுப்புப் பொதியில் இரத்தத்தின் வழி செலுத்திய முதற்கட்ட ஆய்வு, கடுமையான நோயெதிர்ப்பு விளைவுகளால் நான்கு நோயாளிகள் இறந்ததை அடுத்து 2016-இல் நிறுத்தப்பட்டது. அவர்கள் கடைசி நம்பிக்கையாக அந்த ஆய்வுக்கு வந்தவர்கள்; அந்த முடிவை எண்ணும்போதெல்லாம் அவசரம் கூடாது என்ற எண்ணம் எனக்கு வலுக்கிறது. மேலும், செல்களைப் பெருக்கும் மைக்ரோஆர்என்ஏக்களில் சில, மிர்-21 போன்றவை, புற்றுக்கட்டிகளிலும் மிகுந்து காணப்படுபவை. சில வாரங்களில் தீர்ந்துபோகும், ஓரிடத்தில் மட்டும் நிற்கும் மருந்துக்கு இந்த அச்சம் குறைவு என்பது நியாயமான எதிர்பார்ப்புதான். ஆனால் அது நீண்ட காலம் பார்த்து உறுதி செய்யப்பட வேண்டிய எதிர்பார்ப்பு.

மனிதர்களுக்கு எவ்வளவு அருகில் என்பதற்கு வருகிறேன். மைக்ரோஆர்என்ஏவின் நெருங்கிய உறவான சிறு குறுக்கீட்டு ஆர்என்ஏ, 2006-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பிலிருந்து 2018-இல் பட்டிசிரான் என்ற முதல் ஒப்புதல் பெற்ற மருந்துவரை வந்துவிட்டது. பிறகு அந்த வகையில் மேலும் சில வந்தன. அவை பெரும்பாலும் கல்லீரலைக் குறிவைப்பவை, ஒரே மரபணுவை அடக்குபவை. மைக்ரோஆர்என்ஏவில், இதயச் செயலிழப்புக்கான மிர்-132 தடுப்பிழை 28 நோயாளிகளிடம் முதற்கட்டமாகச் சோதிக்கப்பட்டு 2021-இல் முடிவுகள் வெளியாயின. அது இரத்தத்தின் வழி கொடுக்கப்படுவது, சாரக்கட்டு அதில் இல்லை. சாரக்கட்டோடு இணைந்தவை பெரும்பாலும் சிறு விலங்கு நிலையில்தான் நிற்கின்றன. காரணம் உயிரியல் மட்டுமே என்று சொல்ல முடியாது. மருந்தும் கருவியும் சேர்ந்த பொருளாக ஒழுங்குமுறை அமைப்புகள் இதை ஆராயும்; கிருமிநீக்கத்துக்கு வழக்கமாகப் பயன்படும் காமாக் கதிர் ஆர்என்ஏவை வெட்டிவிடக்கூடும்; உலர்த்தி அடுக்கில் பல மாதம் வைத்தாலும் செயல் குன்றாமல் இருக்க வேண்டும்; தொகுதிக்குத் தொகுதி துளையும் வெளியீட்டு வேகமும் மாறாமல் இருக்க வேண்டும். ஆய்விதழ்களில் இவை அரை வரியில் கடந்து செல்லப்படுகின்றன. உண்மையில் இவற்றுக்கே ஆண்டுகள் பிடிக்கும்.

முதலில் எது வரும் என்று கேட்டால், பல் ஈறுக்குக் கீழுள்ள தாடை எலும்பு, ஆறாத தோல் புண், சிறிய எலும்புக் குழி ஆகியவற்றைச் சொல்வேன். அங்கே மருந்தை நேராக வைக்கலாம், வளர்ந்ததைக் கண்ணாலோ கதிர்ப்படத்தாலோ பார்க்கலாம், தவறு நேர்ந்தால் சுரண்டி எடுத்துவிடலாம். மேலும், நகலைவிடத் தடுப்பிழையே முந்தும் என்று எதிர்பார்க்கிறேன். இதயம் கடைசியாக வரும், வரவும் வேண்டும். இதற்கிடையில், மைக்ரோஆர்என்ஏ அல்லது அதைச் சுமக்கும் எக்சோசோம் (செல்கள் வெளியிடும் நுண்பை) ஊசியால் மூட்டையோ இதயத்தையோ புதுப்பித்துத் தருவதாக இன்றே கட்டணம் கேட்கும் எவரிடமும், இது எந்தக் கட்டத்து மருத்துவ ஆய்வு, எங்கே பதிவு செய்யப்பட்டிருக்கிறது, ஒப்புதல் ஆவணம் எது என்று கேளுங்கள். முறையான ஆய்வுகளில் சோதனை மருந்துக்கு நோயாளி பணம் தர வேண்டிய நிலை பெரும்பாலும் இராது.

இத்துறையின் ஆய்வுக் கட்டுரை ஒன்றைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது எவ்வளவு எலும்பு வளர்ந்தது, எவ்வளவு தசை மீண்டது என்ற அட்டவணையை அல்ல. மருந்து வெளியீட்டைக் கண்ணாடிக் குப்பியிலுள்ள உப்புக் கரைசலில் மட்டும் அளந்தார்களா, விலங்கின் திசுவுக்குள்ளும் அளந்தார்களா என்று தேடுவேன். நொதிகளும் விழுங்கு செல்களும் நிறைந்த காயத்தில் சாரக்கட்டு கரையும் வேகம் குப்பியில் கரையும் வேகத்தோடு ஒத்துப்போவது அரிது. வெற்றுச் சாரக்கட்டு, பொருளற்ற வரிசை கொண்ட ஆர்என்ஏ வைத்த சாரக்கட்டு ஆகிய இரண்டையும் ஒப்பீட்டுக்கு வைத்தார்களா என்று பார்ப்பேன், ஏனெனில் நல்ல சாரக்கட்டு தானாகவே கொஞ்சம் எலும்பை வளர்க்கும். அதன் பிறகு தேடுவது இரண்டு எண்கள்: எந்த நாளில் திசுவுக்குள் அந்த மைக்ரோஆர்என்ஏவின் அளவு இயல்புக்குத் திரும்பியது, அதற்குப் பிறகு எத்தனை மாதம் அந்த விலங்கைக் கவனித்தார்கள்.